செக்சம் ஆஃப்லோடுக்கு ஒரே சீரான ஏபிஐ: முதல் ஃபீல்டுல இருந்து கடைசி டெஸ்ட் வரைக்கும்

செக்சம்ங்கறது டேட்டா வழியில கெட்டுச்சான்னு பாக்க பாக்கெட்டோட அனுப்பற எண், அந்த கணக்கை கார்டுகிட்ட தள்ளறது தான் ஆஃப்லோடு. நெட்வொர்க் கார்டே செக்சம் போட்டுக்கும், நாம ஒரு ஃப்ளாக் வெச்சா போதும்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. முதல் டிரைவர் வரைக்கும் அது சரியாவும் ஓடும். ரெண்டாவது, மூணாவது கார்டு வரும்போது தான் அதே ஃப்ளாகை ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு அர்த்தத்துல படிக்குதுன்னு தெரிய வரும், அதுக்குள்ள மேல இருக்கற ஸ்டாக்ல நாலஞ்சு இடத்துல "இந்த கார்டா இருந்தா இப்படி"ன்னு கண்டிஷன் சேர்ந்து போயிருக்கும், அதை யாரும் தொட பயப்படுவாங்க.

நான் ஒரு யூசர்ஸ்பேஸ் நெட்வொர்க் ஸ்டாக்குக்கு இந்த லேயரை எழுதி, ஒரு வருஷம் ஓட்டி, அப்புறம் முழுசா கலைச்சுட்டு திரும்ப எழுதினேன். அதுக்கப்புறம் டீம்ல புதுசா வந்தவங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பார்த்ததுல, முக்கால்வாசி பேர் விழற இடம் ஒண்ணே தான்: செக்சம் நிலையை சரி, தப்புன்னு ரெண்டுக்குள்ள அடக்கப் பாக்கறாங்க. உண்மையில அது "இந்த பாக்கெட்டைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்"ங்கற தகவல். கீழ இருக்கற எல்லா படியும் அந்த தகவலை தொலைக்காம கொண்டு போறதுக்கு தான்.

வரிசையை மாத்தாதீங்க. பெயரும் அர்த்தமும் முடிவாகாம டிரைவரை தொட்டா, டிரைவர்ல வந்த பழக்கமே ஏபிஐயா ஆயிடும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

முதல்ல கணக்கு. டிசிபி, யுடிபி ரெண்டுக்கும் 16 பிட் ஒன்ஸ் காம்ப்ளிமெண்ட் கூட்டல் தான். ரெண்டு ரெண்டு பைட்டா சேர்த்து கூட்டிக்கிட்டே போகணும், 65535ஐ தாண்டி வழியறதை எடுத்து திரும்ப கீழ கூட்டணும், கடைசியில 65535ல இருந்து கழிக்கணும். ஆர்எஃப்சி 1071 (1988) இதை நல்லா விளக்குது, படிக்காம ஆரம்பிக்காதீங்க. அதுல ஒரு குணம் ரொம்ப முக்கியம்: பைட் ஆர்டர் எதுவா இருந்தாலும் கூட்டல் வேலை செய்யும், அதனால நெட்வொர்க் ஆர்டர்லயே வெச்சு கூட்டி அப்படியே எழுதிடலாம். புதுசா வர்றவங்க பாதி வழியில ஒரு தடவை பைட்டை திருப்பிட்டு, எழுதும்போது திருப்ப மறந்துடுவாங்க.

அடுத்து, குறைஞ்சது ரெண்டு வேற வேற கார்டோட டேட்டாஷீட். ஒண்ணு மட்டும் வெச்சு டிசைன் பண்ணினா அந்த கார்டோட ரெஜிஸ்டர் தான் உங்க ஏபிஐ. மூணாவதா வெர்ட்டியோ நெட் (விர்ச்சுவல் மெஷினுக்கான நெட்வொர்க் கார்டு) ஸ்பெக்கையும் எடுத்துக்கோங்க, ஏன்னா அது எந்த சிலிக்கானுக்கும் கட்டுப்படாம எழுதினது.

சாஃப்ட்வேர்லயே செக்சம் போடற ஒரு ஃபங்ஷன் வேணும், அது நிச்சயமா சரின்னு நிரூபிச்சு வெச்சிருக்கணும். கார்டால முடியாதப்போ இது தான் ஓடும், டெஸ்ட்லயும் இது தான் நீதிபதி. கூடவே இன்னொரு மெஷின் வேணும், வயர்ல என்ன வந்துச்சுன்னு அங்க பிடிச்சு பாக்க. அனுப்பற மெஷின்லயே பிடிச்சு பாக்கறது இந்த வேலைக்கு உதவாது, ஏன்னு 9ல சொல்றேன்.

ஐபிவி4 ஹெட்டர் செக்சமை இந்த ஏபிஐக்குள்ள இழுக்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். அது 20 பைட், ஏற்கனவே கேஷ்ல இருக்கு, சாஃப்ட்வேர்ல போட்டா காசு ஒண்ணும் போகாது. லினக்ஸ்லயும் அப்படித்தான். ஐபிவி6ல அந்த ஃபீல்டே கிடையாது. அதுக்கு ஒரு ஃப்ளாக் வெச்சா சிக்கல் தான் கூடும்.

2. அனுப்பறதையும் வாங்கறதையும் பேர்லயே பிரிச்சிடுங்க

அனுப்பற பக்கம் நாம கார்டுகிட்ட வைக்கறது ஒரு கோரிக்கை: "இதை நீ போட்டுடு". வாங்கற பக்கம் கார்டு நமக்கு சொல்றது ஒரு அறிக்கை: "நான் பார்த்தது இது". ரெண்டும் ஒரே ஃபீல்டுல உக்காரலாம், தப்பில்ல. ஆனா ஒரே பேர்ல உக்காரக்கூடாது.

லினக்ஸ்ல 2006 வரைக்கும் செக்சம் எச்டபிள்யூன்னு ஒரே பேர் இருந்துச்சு. அனுப்பும்போது "கார்டு போடணும்"னு அர்த்தம், வாங்கும்போது "கார்டு கூட்டிக் குடுத்திருக்கு"ன்னு அர்த்தம். ஒரு பாக்கெட் ஒரு இன்டர்ஃபேஸ்ல வந்து இன்னொன்னு வழியா வெளிய போனா அது இப்ப எந்த அர்த்தத்துல இருக்குன்னு கோடைப் பார்த்து சொல்ல முடியாது. அதனால தான் அதை செக்சம் பார்ஷியல், செக்சம் கம்ப்ளீட்னு ரெண்டா உடைச்சாங்க. உங்க முதல் டிராஃப்ட்ல "எச்டபிள்யூ செக்சம்"னு ஒரு பேர் இருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க.

இன்னொரு விதி இங்கயே போட்டு வைங்க: பூஜ்யம்ங்கற மதிப்புக்கு அர்த்தம் "தெரியாது". பஃபரை மெம்செட் பண்ணி எடுத்தா வர்றது பூஜ்யம். யாராவது அந்த ஃபீல்டை நிரப்ப மறந்தா நிலை "தெரியாது"ன்னு விழுந்து சாஃப்ட்வேர் திரும்ப சரிபார்க்கும், கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவு தான். எங்க பழைய கோடுல பூஜ்யம்னா "சரி". ஒரு புது டிரைவர்ல அந்த ஃபீல்டை நிரப்பவே இல்ல, ரெண்டு மாசம் எல்லா பாக்கெட்டும் சோதனையே இல்லாம மேல போயிட்டு இருந்துச்சு, ஒருத்தரும் கவனிக்கல. லினக்ஸ்ல செக்சம் நன், டிபிடிகேல (யூசர்ஸ்பேஸ்ல பாக்கெட் கையாளற லைப்ரரி) அன்நோன், ரெண்டுமே பூஜ்யமா இருக்கறதுக்கு காரணம் இது தான்.

3. அனுப்பற பக்கம்: புரோட்டோகால் பேர் வேண்டாம், இடத்தை சொல்லுங்க

"டிசிபி செக்சம் போடு", "யுடிபி செக்சம் போடு"ன்னு ஃப்ளாக் வெச்சா நாளைக்கு ஜிஆர்இ வரும், விஎக்ஸ்லேன் (ரெண்டும் ஒரு பாக்கெட்டை இன்னொன்னுக்குள்ள வெச்சு அனுப்பற டனல்) உள்ள டிசிபி வரும், ஐபிவி6 எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிட் சேர்த்துக்கிட்டே இருப்பீங்க. அதுக்கு பதிலா மூணே விஷயம் சொல்லுங்க: எந்த பைட்ல இருந்து கூட்ட ஆரம்பிக்கணும், அங்க இருந்து எத்தனை பைட் தள்ளி விடையை எழுதணும், எந்த முறை. கூட்டல் எப்பவும் பாக்கெட் கடைசி வரைக்கும்.

வெர்ட்டியோ நெட் ஹெட்டர்ல இருக்கற சிசம் ஸ்டார்ட், சிசம் ஆஃப்செட் இது தான். லினக்ஸ் பாக்கெட் பஃபர்லயும் இதே ஜோடி. லினக்ஸ் 6.8ல ஏஎஃப் எக்ஸ்டிபிக்கு (பாக்கெட்டை நேரா யூசர்ஸ்பேஸுக்கு கொண்டு போற சாக்கெட்) அனுப்பற பக்க மெட்டாடேட்டா வந்தப்பவும் இதே ஜோடியை தான் எடுத்துக்கிட்டாங்க. புரோட்டோகாலை தெரிஞ்சுக்க வேண்டிய கார்டு இருந்தா அந்த டிரைவர் ஹெட்டரைப் பார்த்து கண்டுபிடிச்சுக்கட்டும்.

இங்க அடிக்கடி வர்ற தப்பு: ரெண்டாவது எண்ணை பாக்கெட் தொடக்கத்துல இருந்து கணக்கு பண்ணி குடுக்கறது. அது முதல் எண்ணுல இருந்து தான் கணக்கு. யுடிபின்னா 6, டிசிபின்னா 16, எப்பவும். 40, 50ன்னு ஏதாவது வந்துச்சுன்னா அங்கயே அசர்ட் போட்டு நிறுத்துங்க.

முறைக்கு தனி ஃபீல்டு ஏன்னா எஸ்சிடிபி (டிசிபி மாதிரி இன்னொரு டிரான்ஸ்போர்ட் புரோட்டோகால்) இருக்கு. அதுக்கு இந்த கூட்டல் கிடையாது, சிஆர்சி32சி. இடம் சொல்ற விதம் அதே, கணக்கு வேற. முதல் நாளே ஃபீல்டை வெச்சிட்டா பின்னாடி லினக்ஸ் மாதிரி "இது இன்டர்நெட் செக்சம் இல்ல"ன்னு தனியா ஒரு பிட் ஒட்ட வேண்டியதில்ல.

4. முன்தொகையை யார் போடணும்னு எழுதி வைங்க

இந்த வழிகாட்டியில ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தா இதை படிங்க. நான் பார்த்த பக்ல பாதிக்கு மேல இங்க தான் பிறந்துச்சு.

டிசிபி, யுடிபி செக்சம்ல ஐபி முகவரி ரெண்டும், புரோட்டோகால் எண்ணும், நீளமும் சேரும். அதை சூடோ ஹெட்டர்னு சொல்றோம். ஆனா 3ல சொன்ன மாதிரி கார்டு கூட்டறது டிசிபி ஹெட்டர்ல இருந்து தான், முகவரி அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அதனால சூடோ ஹெட்டரோட கூட்டலை நாமளே போட்டு, செக்சம் ஃபீல்டுக்குள்ளயே முன்கூட்டி எழுதி வைக்கணும். கார்டு கூட்டும்போது அந்த ஃபீல்டும் சேர்ந்து கூட்டலாயிடும். நான் இதுக்கு முன்தொகைன்னு பேர் வெச்சிருக்கேன்.

ஒரு பாக்கெட்டை கையால போட்டுப் பாப்போம். 192.168.1.10ல இருந்து 192.168.1.20க்கு யுடிபி, போர்ட் 5000ல இருந்து 6000, டேட்டா நாலே பைட்: 1, 2, 3, 4. எண்ணெல்லாம் டெசிமல்லயே எழுதறேன்.

முகவரியை ரெண்டு ரெண்டு பைட்டா எடுத்தா 49320, 266, 49320, 276. புரோட்டோகால் 17, யுடிபி நீளம் 12. மொத்தம் 99211. 65535ஐ தாண்டிடுச்சு, வழிஞ்சதை மடிச்சு கூட்டினா 33676. இது தான் முன்தொகை. இதை அப்படியே எழுதணும், கழிச்சு இல்ல.

இப்ப கார்டு 5000, 6000, 12, 33676, 258, 772 ஆறையும் கூட்டும், 45718 வரும். 65535ல இருந்து கழிச்சா 19817, அது தான் வயர்ல போக வேண்டியது. வாங்கறவர் சூடோ ஹெட்டரையும் சேர்த்து எல்லாத்தையும் கூட்டினா சரியா 65535 வரணும், கூட்டிப் பாருங்க, வரும்.

தப்பு நடந்தா எப்படி தெரியும்? ஃபீல்டுல பூஜ்யம் வெச்சு அனுப்பிட்டீங்கன்னா கார்டு 53493ன்னு எழுதும், வாங்கறவர் கூட்டினா 65535க்கு பதிலா 33676 வரும். முன்தொகையே திரும்ப வந்து நிக்குது பாருங்க. பழக்க தோஷத்துல முன்தொகையையும் 65535ல இருந்து கழிச்சு எழுதிட்டீங்கன்னா வாங்கறவருக்கு 1817 வரும், அது முன்தொகையோட இரட்டிப்பை மடிச்சது. இந்த ரெண்டு அடையாளத்தையும் டெஸ்ட் கோடுலயே எழுதி வைங்க. "செக்சம் தப்பு"ன்னு மட்டும் சொல்ற டெஸ்டை விட "முன்தொகை போடல", "முன்தொகையை திருப்பி போட்டிருக்கு"ன்னு சொல்ற டெஸ்ட் ஒரு நாள் வேலையை மிச்சம் பண்ணும்.

ஏபிஐ விதி ஒண்ணே ஒண்ணு: கோரிக்கை வைக்கறவர் தான் முன்தொகை போடணும், எப்பவும், நீளத்தையும் சேர்த்து. சில கார்டு ஃபீல்டு பூஜ்யமா இருக்கணும்னு எதிர்பார்க்கும், டிஎஸ்ஓ (பெரிய டிசிபி டேட்டாவை கார்டே துண்டு போடறது) பண்ணும்போது பல கார்டு நீளம் இல்லாத முன்தொகையை கேக்கும், ஏன்னா ஒவ்வொரு துண்டோட நீளமும் வேற, அதை கார்டே சேர்த்துக்கும். அந்த வித்தியாசத்தை எல்லாம் டிரைவர் தனக்குள்ள சரி பண்ணிக்கணும். மேல இருக்கற ஸ்டாக்குக்கு அது தெரியவே கூடாது.

டிரைவர் சரி பண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ரீட்ரான்ஸ்மிட்டுக்காக டிசிபி அதே பஃபரை பிடிச்சு வெச்சிருக்கலாம், கேப்சர் பண்றவர் ஒரு காப்பியை பகிர்ந்துட்டு இருக்கலாம். ஹெட்டர்ல எழுதறதுக்கு முன்னாடி அது தனக்கு மட்டும் சொந்தமான்னு பார்த்து, இல்லன்னா காப்பி எடுத்துட்டு தான் எழுதணும்.

கடைசியா, விடை பூஜ்யமா வந்தா? யுடிபியில பூஜ்யம்னா "செக்சமே போடல"ன்னு அர்த்தம், அதனால 65535னு எழுதணும். ஒன்ஸ் காம்ப்ளிமெண்ட்ல ரெண்டும் ஒரே மதிப்பு தான், டிசிபிக்கு 65535 போனாலும் வாங்கறவர் கணக்கு சரியாவே வரும். அதனால புரோட்டோகாலை பாக்காம, பூஜ்யம் வந்தா எப்பவும் 65535னு ஒரே விதியா போட்டுடுங்க.

5. வாங்கற பக்கம்: அஞ்சு நிலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம்

பூலியன் போதாது. எனக்கு அஞ்சு வேண்டியிருந்துச்சு.

"தெரியாது": யாரும் பாக்கல, சாஃப்ட்வேர் பார்க்கணும். "சரி பார்த்தாச்சு": கார்டு பார்த்துச்சு, கூடவே எத்தனை அடுக்கு பார்த்துச்சுன்னு ஒரு எண். "தப்பா தெரியுது": கார்டு பார்த்துச்சு, ஒத்து வரல. "கூட்டுத்தொகை இருக்கு": கார்டு சரி தப்பு சொல்லல, மொத்தமா கூட்டி எண்ணை குடுத்திருக்கு. "இன்னும் போடல": பாக்கெட் இதே மெஷின்ல பிறந்தது, இன்னும் வயரையே பாக்கல, ஃபீல்டுல முன்தொகை மட்டும் தான் இருக்கு, ஆனா டேட்டாவை நம்பலாம்.

அந்த கடைசி நிலையை தான் எல்லாரும் விட்டுடறாங்க. விர்ச்சுவல் மெஷினும் கன்டெய்னரும் இருக்கற இடத்துல பாதி டிராஃபிக் அந்த நிலையில தான் வரும்.

அடுக்கு எண் எதுக்குன்னா, விஎக்ஸ்லேன் பாக்கெட்ல வெளி யுடிபி ஒண்ணு, உள்ள டிசிபி ஒண்ணு, ரெண்டு செக்சம் இருக்கு. கார்டு "சரி"ன்னு சொன்னா எதை சொல்லுது? வெளியதை மட்டும் பார்த்துட்டு சரின்னு சொல்ற கார்டு நிறைய. லினக்ஸ்ல இதுக்கு சிசம் லெவல்னு 2 பிட் இருக்கு. வெளிய இருந்து உள்ள நோக்கி தொடர்ச்சியா எத்தனைன்னு எண்ணுங்க, நடுவுல ஒண்ணு விட்டுப் போனா அங்கயே நிறுத்துங்க.

"தப்பா தெரியுது"ன்னு வந்த பாக்கெட்டை டிரைவர்ல டிராப் பண்ணாதீங்க. மேல அனுப்புங்க, சாஃப்ட்வேர் ஒரு தடவை பார்த்துட்டு எண்ணிக்கையில சேர்த்து டிராப் பண்ணட்டும். ரெண்டு காரணம்: கார்டு தப்பா சொல்லியிருக்கலாம், இல்ல இந்த மெஷின் அந்த பாக்கெட்டுக்கு வெறும் பிரிட்ஜா இருக்கலாம், அதை தூக்கி எறிய நமக்கு உரிமை இல்ல.

துண்டாகி வந்த ஐபி ஃப்ராக்மெண்டுக்கு "சரி"ன்னு சொல்லவே கூடாது, முழு பாக்கெட்டும் கையில இல்லாம யாராலயும் சொல்ல முடியாது. ஐபிவி4 யுடிபியில செக்சம் பூஜ்யமா வந்தா "தெரியாது"ன்னே விடுங்க.

இந்த நிலைகளை கலந்தா என்ன ஆகும்னு ஒரு நிஜ உதாரணம். லினக்ஸ்ல வெத்ங்கற விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் கன்டெய்னருக்கெல்லாம் வயர் மாதிரி. அந்த டிரைவர்ல "தெரியாது"ன்னு வந்த பாக்கெட்டை "சரி பார்த்தாச்சு"ன்னு மாத்தற ஒரு சின்ன இஃப் இருந்துச்சு. இதே மெஷின்ல பிறந்த பாக்கெட்டுக்கு திரும்ப சோதனை எதுக்குன்னு நல்ல எண்ணத்துல போட்டது. ஆனா வெளிய நிஜ கார்டு வழியா வந்து, செக்சம் ஒத்து வராம, டிரைவர் "தெரியாது"ன்னு மேல அனுப்பின கெட்டுப்போன பாக்கெட்டும் அதே வழியில தான் கன்டெய்னருக்குள்ள போகும். அதுவும் "சரி" ஆயிடுச்சு, டிசிபி அதை நம்பி அப்ளிகேஷனுக்கு குடுத்துடுச்சு. 2015 கடைசியில அந்த வரிகளை எடுத்தாங்க. பாடம் இது தான்: ஒரு நிலையை இன்னும் உறுதியான நிலையா மாத்தற உரிமை, பைட்டை உண்மையிலேயே கூட்டிப் பார்த்தவருக்கு மட்டும் தான்.

6. முடியும்னு சொல்றது, முடியாதப்போ யார் போடறது

அனுப்பறதுக்கு தனி, வாங்கறதுக்கு தனின்னு திறனை அறிவிக்க வைங்க. வெர்ட்டியோல இது ரெண்டும் தனித்தனி ஃபீச்சர் பிட், 0வதும் 1வதும்.

அனுப்பற பக்கம் "எந்த இடத்துல குடுத்தாலும் போடுவேன்"னு பொதுவா ஒரு திறன் இருந்தா போதும்னு தான் நான் நினைக்கறேன். லினக்ஸ்லயும் ஐபிவி4 மட்டும், ஐபிவி6 மட்டும்னு இருக்கற பழைய ரெண்டு ஃப்ளாகை கைவிட்டு பொதுவான எச்டபிள்யூ சிசம்க்கு வரச் சொல்லி கோடுலயே எழுதியிருக்கு. கார்டுக்கு வரம்பு இருந்தா, இவ்வளவு பைட்டுக்கு மேல ஹெட்டர் நீளம் கூடாது, ரெண்டு விலேன் டேக் கூடாதுன்னெல்லாம், அதை பிட்டா ஆக்காம ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டிரைவரை கேக்கற ஒரு ஃபங்ஷனா வைங்க: "இதை உன்னால முடியுமா?"

முடியாதுன்னா சாஃப்ட்வேர் போடணும். அது ஒரே இடத்துல நடக்கணும், டிரைவருக்கு நேர் மேல, எவ்வளவு தாமதமா முடியுமோ அவ்வளவு தாமதமா. ரூட் மாறி வேற கார்டு வழியா போகலாம், ஃபில்டர் டிராப் பண்ணலாம், சீக்கிரம் போட்டா வீண். டிசிபி கோடு எழுதறவர் "கார்டுக்கு திறன் இருக்கா"ன்னு கேக்கவே கூடாது, எப்பவும் கோரிக்கை தான் வைக்கணும். கேட்டா ரெண்டு வழி உருவாகும், ஒண்ணு தினமும் ஓடும், இன்னொன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஓடி உடையும்.

ஓடிட்டு இருக்கும்போதே யாராவது ஆஃப்லோடை ஆஃப் பண்ணுவாங்க. அந்த நேரம் க்யூல நிக்கற பாக்கெட் எல்லாம் கோரிக்கையோட தான் நிக்குது. ஆஃப் பண்ணின நொடியில டிரைவர் கோரிக்கையை கண்டுக்காம விட்டா முன்தொகையோட வயர்ல போயிடும். சோதனை க்யூல இருந்து எடுக்கும்போது நடக்கணும், போடும்போது இல்ல.

டிஎஸ்ஓ செக்சம் ஆஃப்லோடு மேல தான் நிக்குது. செக்சமை எடுத்தா அதையும் எடுத்துடணும். ஈத்டூல்ல (லினக்ஸ்ல கார்டு செட்டிங்கை மாத்தற கமாண்ட்) டிஎக்ஸ் ஆஃப் போட்டா டிஎஸ்ஓவும் கூடவே விழறதை பார்த்திருப்பீங்க, உங்க லேயரும் அதை தானா பண்ணணும்.

7. பாக்கெட் மேல கை வைக்கற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விதி எழுதுங்க

ஏபிஐன்னா ஃபீல்டு மட்டும் இல்ல, அந்த ஃபீல்டு எப்ப பொய்யாகும்ங்கறதும் தான். ஒரு பேப்பர்ல நிலைகளை ஒரு பக்கமும் ஆபரேஷன்களை இன்னொரு பக்கமும் எழுதி ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புங்க. எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு, அதுலயே ஏழெட்டு பக் கிடைச்சுது.

முகவரி மாத்தறது தான் ரொம்ப குழப்பற கட்டம். மேல பார்த்த பாக்கெட்ல நேட் பண்ணி (வழியில முகவரியை மாத்தி எழுதறது) 192.168.1.20ஐ 192.168.1.21ஆ மாத்தறோம்னு வைங்க. செக்சம் ஏற்கனவே போட்ட பாக்கெட்னா 19817ஆ இருந்தது 19816 ஆகணும், ஒண்ணு குறையும். "இன்னும் போடல" நிலையில இருந்தா முன்தொகை 33676ல இருந்து 33677 ஆகணும், ஒண்ணு கூடும். திசையே எதிர்! போர்ட்டை மாத்தினா இன்னும் வேற: போட்ட பாக்கெட்னா ஃபீல்டை திருத்தணும், போடாததுன்னா தொடவே கூடாது, கார்டு புது போர்ட்டையே கூட்டிக்கும். அதனால செக்சம் திருத்தற ஃபங்ஷனுக்கு "இது சூடோ ஹெட்டர்ல வர்ற மாற்றமா"ன்னு ஒரு ஆர்கியுமெண்ட் கட்டாயம் வேணும்.

"கூட்டுத்தொகை இருக்கு" நிலையில ஹெட்டரை உரிச்சா உரிச்ச பைட்டை தொகையில இருந்து கழிக்கணும், ஒட்டினா கூட்டணும், பின்னாடி வெட்டினாலும் கழிக்கணும். நம்ம பாக்கெட் ஈத்தர்நெட்டோட சேர்ந்து 46 பைட் தான், 60 ஆக்க 14 பைட் பேடிங் வரும். அந்த பேடிங் பூஜ்யமா இல்லாம, கார்டு அதையும் கூட்டியிருந்தா, வெட்டும்போது கழிக்கலன்னா நல்ல பாக்கெட்டே கெட்டதா தெரியும். லினக்ஸ் லாக்ல "எச்டபிள்யூ சிசம் ஃபெயிலியர்"னு வர்றதுக்கு இந்த மாதிரி கணக்கு பிசகறது ஒரு முக்கிய காரணம். கழிக்கற இடம் ஒற்றைப்படை பைட்ல ஆரம்பிச்சா ரெண்டு பைட்டையும் திருப்பி கழிக்கணும், இதையும் மறந்துடுவாங்க. பிபிஎஃப் (கர்னலுக்குள்ள ஓடற சின்ன கோடு) புரோகிராம் மாதிரி யாராவது பாக்கெட்டை இஷ்டத்துக்கு மாத்தினாங்கன்னா கணக்கு பாக்க முயற்சி பண்ணாம தொகையை தூக்கிப் போட்டு "தெரியாது"ன்னு ஆக்கிடுங்க.

ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் அனுப்பும்போது: "தெரியாது", "சரி", "தப்பா தெரியுது" மூணுக்கும் அனுப்பற பக்கம் கோரிக்கை எதுவும் கிடையாது, பாக்கெட்ல இருக்கற செக்சம் அப்படியே போகணும். புதுசா போட்டுத் தர்றேன்னு யாராவது கோடு எழுதினா உடனே தடுங்க. வழியில கெட்டுப்போன டேட்டாவுக்கு நாமளே நல்ல செக்சம் ஒட்டி அனுப்பின மாதிரி ஆயிடும், அப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. "கூட்டுத்தொகை" நிலையை "தெரியாது"ன்னு இறக்கிடுங்க. "இன்னும் போடல" மட்டும் கோரிக்கையா மாறும்.

ஃப்ராக்மெண்ட் பண்றதுக்கு முன்னாடி "இன்னும் போடல" பாக்கெட்டுக்கு சாஃப்ட்வேர்லயே போட்டு முடிச்சிடணும். துண்டான பிறகு எந்த கார்டாலயும் முடியாது.

8. டனல் வந்தா

கோரிக்கை ஒரு பாக்கெட்டுக்கு ஒண்ணு தான், ரெண்டு செக்சமுக்கு இடம் கிடையாதேன்னு புதுசா வர்றவங்க ரெண்டாவது ஜோடி ஃபீல்டு சேர்க்கப் போவாங்க. வேண்டாம். உள்ள இருக்கறதை கார்டுகிட்ட விடுங்க, வெளியதை நாமளே போடலாம், டேட்டாவை தொடாமலே.

எப்படின்னா, கார்டு உள் செக்சமை போட்டு முடிச்ச பிறகு அந்த பகுதியோட மொத்த கூட்டல் எவ்வளவு வரும்னு நமக்கு இப்பவே தெரியும்: 65535ல இருந்து முன்தொகையை கழிச்சது. நம்ம பாக்கெட்ல 31859. 5000, 6000, 12, 19817, 258, 772ஐ கூட்டிப் பாருங்க, அதே தான். அதனால வெளி சூடோ ஹெட்டரையும், வெளி யுடிபியில இருந்து உள் தொடக்கம் வரைக்கும் இருக்கற சில பத்து பைட்டையும் கூட்டி, இந்த எண்ணை சேர்த்தா வெளி செக்சம் ரெடி. லினக்ஸ்ல லோக்கல் செக்சம் ஆஃப்லோடுன்னு சொல்றது இது தான். 3லயும் 4லயும் விதியை ஒழுங்கா வெச்சதோட பலன் இங்க வருது, முன்தொகை எப்பவும் ஃபீல்டுல இருக்கும்னு நம்பி தான் இந்த கணக்கே நிக்குது.

9. வெளிய எட்டிப் பாக்கறவங்களுக்கும் நிலையை சொல்லுங்க

அனுப்பற மெஷின்ல டிசிபிடம்ப் (பாக்கெட்டை பிடிச்சு காட்டற டூல்) போட்டுட்டு "செக்சம் தப்புன்னு காட்டுதே"ன்னு ஓடி வராத ஆளே கிடையாது. அது கார்டுக்கு போறதுக்கு முன்னாடி பிடிச்சது, அங்க 33676 இருக்கும், இருக்கணும். காட்டின எண் முன்தொகையோட ஒத்துப் போனா எல்லாம் சரியா நடக்குதுன்னு தான் அர்த்தம்.

மனுஷன் குழம்பினா பரவாயில்ல, புரோகிராம் குழம்பினா நிஜமாவே நிக்கும். விர்ச்சுவல் மெஷின்ல டிஎச்சிபி கிளையண்ட் ரா சாக்கெட்ல பாக்கெட்டை வாங்கி, அதே மெஷின்ல இருக்கற சர்வர்கிட்ட இருந்து வந்த "இன்னும் போடல" பாக்கெட்டை தானே கூட்டிப் பார்த்து, தப்புன்னு தூக்கி எறிஞ்சு, ஐபியே கிடைக்காம நிக்கும். லினக்ஸ்ல இதுக்காக ரா சாக்கெட்டோட பாக்கெட் ஆக்ஸ்டேட்டான்னு கூடுதல் தகவல் குடுத்து, "செக்சம் இன்னும் ரெடி இல்ல"ன்னு ஒரு பிட் வெச்சாங்க. உங்க லேயர்ல பாக்கெட் வெளிய போற வழி எத்தனை இருக்குன்னு எண்ணுங்க: கேப்சர், ரா சாக்கெட், மிரர், ஷேர்டு மெமரி. ஒவ்வொண்ணுலயும் நிலையையும் சேர்த்து குடுங்க, குடுக்க இடம் இல்லாத பழைய ஃபார்மேட்டா இருந்தா சாஃப்ட்வேர்ல போட்டு முடிச்சிட்டு குடுங்க.

10. டெஸ்ட்

டிரைவர் எழுதறவர் ஓட்டற அதே டெஸ்டை சாஃப்ட்வேர் வழிக்கும் ஓட்டுங்க, ரெண்டோட வயர் பைட்டும் ஒண்ணா இருக்கணும்.

நீளத்தை ஒவ்வொரு பைட்டா ஏத்திக்கிட்டே போங்க. ஒற்றைப்படை நீளத்துல கடைசி பைட்டுக்கு பின்னாடி ஒரு பூஜ்யம் இருக்கற மாதிரி கூட்டணும், முன்னாடி வெச்சு கூட்டற கோடு இருக்கு, 3 பைட் டேட்டாவுலயே மாட்டும்.

பூஜ்ய விடைக்கு ஒரு ரெடிமேட் பாக்கெட்: மேல சொன்னதே தான், டேட்டா மட்டும் 78, 107, 3, 4. கார்டு கூட்டினா சரியா 65535 வரும், கழிச்சா 0. வயர்ல 65535 போகணும், 0 போச்சுன்னா 4ல கடைசியா சொன்ன விதி மீறியிருக்கு.

வாங்கற பக்கத்துக்கு கெட்ட பாக்கெட் குடுத்தே ஆகணும். எல்லா நல்ல பாக்கெட்டும் "சரி"ன்னு வர்றதை மட்டும் பார்த்துட்டு பாஸ் போடற டெஸ்ட் எதையும் நிரூபிக்கல, எப்பவும் "சரி"ன்னு சொல்ற டிரைவரும் அதுல பாஸ் ஆகும். நேரா கார்டு வழியாவும், பிரிட்ஜ் வழியாவும், கன்டெய்னர் வழியாவும் கெட்டதை அனுப்பி, எந்த வழியிலயும் அப்ளிகேஷனுக்கு போய் சேரலன்னு பாருங்க.

கெடுக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. அனுப்பற மெஷின்ல செக்சம் போடறதுக்கு முன்னாடி பிட்டை திருப்பினா கார்டு கெட்ட டேட்டாவுக்கே நல்ல செக்சம் போட்டு அனுப்பிடும், அதனால முதல்ல சாஃப்ட்வேர்ல செக்சம் போட்டு முடிச்சு, அப்புறம் தான் பிட்டை திருப்பணும். ரெண்டு வார்த்தையை இடம் மாத்தி கெடுக்காதீங்க. எங்க டீம்ல ஒரு தம்பி 258ஐயும் 772ஐயும் மாத்தி வெச்சுட்டு, கார்டு பிடிக்கவே மாட்டேங்குதுன்னு ஒரு நாள் முழுக்க ரெஜிஸ்டரை நோண்டிட்டு இருந்தார். கூட்டல்ல வரிசை மாறினா விடை மாறாது, அப்பவும் 19817 தான். ஒரே ஒரு பிட்டை திருப்புங்க, அதை எந்த கூட்டலும் பிடிச்சே ஆகணும்.